184 கிலோவும் இரண்டு பிள்ளைகளும்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறீர்கள். விசா வந்தாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று. இனி முதல் வேலை, புறப்படும் தேதியை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. சொன்னால் மறுநாளே ஒரு தூரத்து அத்தை, "எம் பொண்ணும் அங்கதாம்ப்பா இருக்கா, அரைக் கிலோ வடகம்தான்" என்று வாசலில் நிற்பார். அவர் பெண் இருப்பது டெக்சாஸில். நியூ ஜெர்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம் என்றால், "அதான் ஒரே நாடுதானே" என்பார்.

அடுத்தது பெட்டி. அமெரிக்கா போகும் விமானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் தனி டிக்கெட், அதே எடை. நாலு பேருக்கு 184 கிலோ. பிள்ளைப்பேற்றின் அருமையை நம் குடும்பங்கள் முழுமையாக உணர்வது இங்கேதான். ஐந்து வயதுப் பெண்ணின் துணிமணி நாலு கிலோ தேறும். அவள் கணக்கில் மிச்சமுள்ள 42 கிலோவில் பருப்புப்பொடி, முறுக்கு, வத்தல்.

எடை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அப்பா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெஷின் மேல் ஏற வேண்டும். பெட்டி மறைப்பதால் முள் அவர் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து படிக்கும் பொறுப்பு மாமனாருடையது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வரும்வரை அப்பா அசையக் கூடாது. பிறகு அப்பாவின் எடையைக் கழிக்க வேண்டும். அதில் அவர் சொல்வது ஒன்று, மெஷின் காட்டுவது வேறு. இப்படித் துல்லியமாக 23 என்று கட்டிய பெட்டி மீனம்பாக்கத்தில் 25.6 காட்டும். உடனே அதைத் தரையில் திறந்து, பனியன்களுக்கு நடுவிலிருந்து முறுக்கு டின்னை உருவி எடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் பார்க்கும். பார்க்கட்டும், அடுத்தது அவர்கள் முறை.

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஓக் ட்ரீ ரோடு நெடுக இந்தியக் கடைகள், இட்லி அரிசி முதல் நல்லெண்ணெய் வரை எல்லாம் கிடைக்கிறது என்று தம்பி போனில் கதறுவான். காதில் வாங்கக் கூடாது.

ஆனால் கொப்பரை வேண்டாம். அதில் எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று விமானத்தில் விடமாட்டார்கள். துபாய் வழியாகப் போனால் கசகசா கூடவே கூடாது; அங்கே அது போதைப்பொருள் கணக்கு. ஊறுகாய் கைப்பையில் இருந்தால் சோதனையில் அது திரவம், 100 மில்லிக்கு மேல் போகாது. கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் குடியிருக்கும். மோப்பம் பிடிக்க பீகிள் நாய்களை விமான நிலையத்தில் விட்டிருக்கிறார்கள்.

விமானம் நள்ளிரவுக்கு மேல்தான். அதுவரை பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் செருப்பைக் கழற்றச் சொல்லும் நேரம் பார்த்துத் தூங்கிவிடுவார்கள். சிறுவர் சாப்பாடு வேண்டுமென்று ஒரு நாள் முன்பே சொல்லிவையுங்கள். அது வந்ததும் உங்கள் தட்டுதான் வேண்டும் என்பார்கள். வளைகுடாவிலிருந்து நியூ யார்க் ஏறத்தாழ 14 மணி நேரம். வீட்டில் அரைமணி நேரத்துக்கு மேல் டேப்லெட் கூடாதென்று சட்டம் போட்டவர் நீங்கள். அந்தச் சட்டம் கடல்மேல் செல்லாது. கைப்பையில் பிள்ளைக்கு மாற்று உடை வைக்க எல்லாரும் சொல்வார்கள், உங்களுக்கும் ஒன்று வையுங்கள். வாந்தி எடுப்பது பிள்ளை, விழுவது உங்கள் மேல். இறங்கும்போது காது அடைத்தால் புளிப்பு மிட்டாய் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

சுங்கத்தில், உணவுப் பொருள் உண்டா என்று அதிகாரி கேட்பார். நீங்கள் இல்லை என்று வாயெடுப்பதற்குள் உங்கள் பெண், பாட்டி மஞ்சள் பையில் கறிவேப்பிலை வைத்ததைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லிவிடுவாள். இத்தனை வருடம் கட்டிய பள்ளிக் கட்டணத்தின் பலன் அன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அவளை முறைக்காதீர்கள். முன்னதாகச் சொன்னால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்துப் பிடிபட்டால் முதல் தடவைக்கே அபராதம் தீட்டிவிடுவார்கள்.

தம்பி வீட்டில் முதல் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, சென்னையில் அப்போது பகல் பதினொன்றரை. அந்த நேரத்தில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையும் திறந்திருக்காது. குக்கரில் கொஞ்சம் சாதம் வைத்து, பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்தால் போதும். அந்த டப்பா எட்டுப் பெட்டிகளில் எதில் இருக்கிறது என்று ஊரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.