பெட்டிக்குள் வாங்கிய வாக்குமூலம்

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இராக் போருக்கு ஆதரவு திரட்ட ஐ.நா. பாதுகாப்பு அவையில் உயர்த்திக் காட்டிய சின்னக் குப்பி பலருக்கும் நினைவிருக்கும். ஆந்த்ராக்ஸ் பொடி கொஞ்சம் இருந்தாலே என்ன ஆகும் என்று விளக்குவதற்காகக் கொண்டுவந்த மாதிரிக் குப்பி அது. அதே உரையில் ஒரு கைதியைப் பற்றி அவர் சொன்னது அநேகமாக யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கு மறக்கவில்லை. அதை எனக்குத் தொட்டுக் காட்டியவர் ஒருவர் இருந்தார்.

2003 பிப்ரவரி 5. மதுரையில் ஒரு நாளிதழில் நான் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலம். நியூயார்க்கில் காலை பத்தரை என்றால் நமக்கு இரவு ஒன்பது. முதல் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தோம். ஏஜென்சி காப்பி துண்டு துண்டாக வந்தது. நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள், அலுமினியக் குழாய்கள், செயற்கைக்கோள் படங்கள். நடுவில் இந்தப் பத்தி: அல் கொய்தாவின் மூத்த ஆள் ஒருவர் பிடிபட்டிருக்கிறார், அந்த அமைப்புக்கு ரசாயன, உயிரி ஆயுதப் பயிற்சி கொடுத்தது இராக்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் செய்தி ஆசிரியர் அதற்கு முன் நெடுங்காலம் கிரைம் நிருபராக இருந்தவர். கோர்ட்டும் ஸ்டேஷனும் அத்துப்படி. அந்தப் பத்தியில் விரலை வைத்தார்.

"இந்த ஆள் யார் கஸ்டடியில இருக்கான் தம்பி?"

"அதப் போடலண்ணே."

"அப்ப, கேட்டவன் என்ன கேட்டான்னுதான் பாக்கணும். அடி தாங்க முடியாதவன் எதத்தான் ஒத்துக்க மாட்டான்?"

இது அவர் ஒருவரின் சந்தேகம் மட்டும் அல்ல. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் 1855-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. 1872-இல் வந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்று முடித்தே விட்டது. நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆட்டுத் திருட்டு வழக்கில்கூட நிற்காத ஒரு வாக்குமூலத்தைக் காட்டி, 43 நாள் கழித்து ஒரு நாட்டின் மேல் குண்டு போட்டார்கள்.

அந்தக் கைதியின் பெயர் அன்று எங்களுக்குத் தெரியாது. இன்று யாரும் படிக்கலாம். இப்னு அல் ஷேக் அல் லிபி. 2001 இறுதியில் பிடிபட்டவரை சி.ஐ.ஏ. எகிப்துக்கு அனுப்பியது. அங்கே நடந்ததை, சி.ஐ.ஏ.வின் தந்திகளை வைத்தே அமெரிக்க செனட் உளவுக் குழு 2006-இல் எழுதியிருக்கிறது. ஏறத்தாழ அரை மீட்டர் நீள அகலமே உள்ள பெட்டி. அதற்குள் சுமார் 17 மணி நேரம். வெளியே எடுத்து, கீழே தள்ளி, கால் மணி நேரம் குத்து. அதன் பிறகு அவர் ஒரு கதை சொன்னார். அல் கொய்தா ஆட்கள் அணு ஆயுதம் பற்றி அறிய இராக் போனார்கள் என்று. கதை நம்பும்படி இருக்கவேண்டும் என்பதற்காகத் தனக்குத் தெரிந்த உண்மையான ஆட்களின் பெயர்களையே சேர்த்தார். உயிரி ஆயுதம் பற்றிக் கேட்டபோதுதான் திண்டாடிப்போனார். கேட்பது என்னவென்றே அவருக்குப் புரியவில்லை; புரியாததைப் பற்றிப் பொய்கூடச் சொல்ல வரவில்லை. அதற்கும் அடித்தார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாஷிங்டனில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை என்றும் சொல்லமுடியாது. அமெரிக்க ராணுவ உளவுத் துறை 2002 பிப்ரவரியிலேயே, இந்த ஆள் வேண்டுமென்றே தவறான தகவல் தருகிறார் போலிருக்கிறது என்று எழுதிவைத்தது. அந்தக் காகிதம் 2005 வரை வெளியே வரவில்லை. இடையில் 2002 அக்டோபரில் புஷ் தன் சின்சினாட்டி உரையில், இராக் பயிற்சி கொடுத்தது என்ற கதையை நாட்டு மக்களிடம் சொன்னார். நான்கு மாதம் கழித்துப் பவல் உலகத்திடம் சொன்னார். 2004-இல் லிபி, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டார், சி.ஐ.ஏ.வும் அந்த அறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பாக்தாத் விழுந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. 2009 மே மாதம் லிபியா சிறையில் லிபி இறந்தார். தற்கொலை என்றார்கள்.

பேரழிவு ஆயுதக் கதையை அவிழ்ப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இராக்கில் தேடப்போன குழுவே 2004-இல் ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தது. நடமாடும் கூடங்களைப் பற்றிச் சொன்ன இராக்கியர், தான் இட்டுக்கட்டியதாக 2011-இல் தானே ஒப்புக்கொண்டார்.

2004 ஏப்ரல் கடைசியில் இராக்கின் அபு கிரைப் சிறைப் படங்கள் வந்தன. சதாம் ஆட்களைக் கொன்று குவித்த அதே சிறை. முகமூடி போட்டு, பெட்டி மேல் நிறுத்தி, கைகளில் மின்கம்பி மாட்டிய மனிதர். நிர்வாண உடல்களின் குவியலுக்குப் பின்னால் சிரிக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள். எதைப் போடுவது என்று டெஸ்க்கில் பெரிய விவாதம். குழந்தைகளும் பார்க்கும் பேப்பர் என்றார் ஒருவர். செய்தி ஆசிரியர் கடைசியில் முகமூடிப் படத்தைத் தேர்ந்தெடுத்தார், பெரிதாகவே போட்டார்.

அமெரிக்க அரசு சொன்ன பதில் ஒன்றுதான்: இது ஒருசிலர் செய்த காரியம். சில வாரங்களில் அதுவும் பொய்த்துப்போனது. 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்ட நீதித்துறைக் குறிப்பு ஒன்று வெளியானது. உறுப்பு செயலிழப்பதற்கோ சாவதற்கோ நிகரான வலி இருந்தால்தான் சித்திரவதை என்று அதில் அளவு வகுத்திருந்தார்கள். அதற்குக் குறைந்தால் கணக்கில் வராது. அதே ஆண்டு டிசம்பரில், குவாண்டனாமோவில் கைதிகளை நான்கு மணி நேரம்வரை நிற்கவைக்கலாம் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், நான் நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம் நிற்கிறேனே, நான்கு மணியோடு நிறுத்துவானேன் என்று தன் கையாலேயே அடியில் எழுதினார். மேலே இருந்தவர் எழுதியதற்கும் கீழே இருந்தவன் சிரித்துக்கொண்டு படம் எடுத்ததற்கும் இடையில் ஒரு ஆண்டுதான்.

2005 நவம்பரில் புஷ், நாங்கள் சித்திரவதை செய்வதில்லை என்றார். அதே மாதம் சி.ஐ.ஏ. தன் விசாரணை வீடியோ டேப்கள் 92-ஐ அழித்தது. 2014 ஆகஸ்டில் ஒபாமா, ஆம், சித்திரவதை செய்தோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த டிசம்பரில், சி.ஐ.ஏ. விசாரணைகள் பற்றிய செனட் உளவுக் குழு அறிக்கையின் சுருக்கம் வந்தது. சி.ஐ.ஏ. அடைத்துவைத்த 119 பேரில் குறைந்தது 26 பேரை அடைத்ததே தவறு. விசாரணை முறைகளை வகுத்துக்கொடுத்த இரண்டு உளவியலாளர்களின் நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் 8 கோடியே 10 லட்சம் டாலர்.

அன்று இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. அந்த நீதித்துறைக் குறிப்பில் கையெழுத்துப் போட்ட ஜே பைபீ, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆயுள்கால நீதிபதி ஆனார். எழுதிக்கொடுத்த ஜான் யூ, பெர்க்லியில் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர். தாய்லாந்திலிருந்த ரகசியச் சிறையைச் சில காலம் நடத்திய ஜினா ஹாஸ்பெல் 2018-இல் சி.ஐ.ஏ.வின் இயக்குநர். அபு கிரைப்பில் தண்டனை பெற்றவர்கள் 11 பேரும் சாதாரணச் சிப்பாய்கள். படங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த சிப்பாய் ஜோ டார்பியின் பெயரை ரம்ஸ்ஃபெல்டே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். டார்பியால் சொந்த ஊருக்குத் திரும்பிப்போய் வாழ முடியவில்லை. ஒளிவுமறைவு இல்லாமல் விசாரணை அறிக்கை எழுதிய ஜெனரல் டகுபாவைப் பிறகு ஓய்வு பெறச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றி மூச்சடைக்க வைத்ததைத் தொலைக்காட்சியில் முதலில் பேசிய சி.ஐ.ஏ. அதிகாரி ஜான் கிரியாகு, ரகசிய அதிகாரி ஒருவரின் பெயரை நிருபரிடம் சொன்னதற்காக 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சித்திரவதைக்காக சி.ஐ.ஏ.வில் தண்டனை பெற்ற உயரதிகாரி ஒருவரும் இல்லை.

நல்ல செய்தியே இல்லை என்று சொல்லமாட்டேன். அபு கிரைப்பில் அடைபட்டிருந்த மூன்று இராக்கியர் தொடுத்த வழக்கில், விசாரணைக்கு ஆள் அனுப்பிய சி.ஏ.சி.ஐ. நிறுவனம் 4 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் வர்ஜீனியாவில் ஜூரி தீர்ப்பளித்தது. அந்த மூவரில் ஒருவர் பள்ளி முதல்வர், ஒருவர் பழ வியாபாரி, ஒருவர் பத்திரிகையாளர். வழக்கு போட்டது 2008-இல். 16 ஆண்டுகள் விடாமல் நின்றிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புச் செய்தியைச் செய்தி ஆசிரியருக்குப் படித்துக்காட்ட ஆசைப்பட்டேன். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

அவர் இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடியதை நான் கேட்கிறேன். செனட் குழுவின் முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல். வெளியே வந்தது சுமார் 500 பக்கச் சுருக்கம்தான். மீதியை அமெரிக்க அரசு இன்னும் பூட்டிவைத்திருக்கிறது. அதை வெளியிடவேண்டும். சி.ஐ.ஏ. முதன்முதலில் தண்ணீர் ஊற்றிச் சித்திரவதை செய்த அபு சுபைதா 2002 மார்ச்சில் பிடிபட்டவர். ஒரே மாதத்தில் 83 முறை அவருக்கு அது நடந்தது. அவர் மேல் இதுவரை ஒரு குற்றச்சாட்டும் பதிவாகவில்லை; 2025 ஜனவரியில் குவாண்டனாமோவில் எஞ்சியிருந்த 15 பேரில் அவரும் ஒருவர். ஆதாரம் இருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்த மனிதரை விட்டுவிடுங்கள்.