நெற்றியில் ஒரு புடைப்பு

திண்டிவனத்தில் என் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. லாரி ஹாரனைத் திட்டியே இருபது வருடம் ஓட்டியவன், அது இல்லாவிட்டால் எனக்குத் தூக்கமே வராது என்பதைக் கல்வராயன் மலையில்தான் கண்டுபிடித்தேன்.

மலைக்கிராமத்தில், மண்சுவரும் புல்கூரையுமாக ஒரு விருந்தினர் குடில். இரண்டு இரவு. "ஃபேன், மெத்தையெல்லாம் வேணாங்க. ஊர்க்காரங்க சாப்பிடற சாமைச் சோறு போதும்" என்று போனிலேயே பெருந்தன்மை காட்டியிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை தெரிந்ததும், "நம்ம விழுப்புரம் மாவட்டத்துல இப்படி ஒரு மலை பாருங்க" என்று பக்கத்து சீட்டில் பீற்றிக்கொண்டேன். "2019லயே கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா போயிடுச்சுங்களே" என்றார் அவர். அதற்கப்புறம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குடிலின் வாசல் என் மார்பளவுதான். நுழையும்போது ஒரு இடி, வெளியே வரும்போது ஒரு இடி. மூன்றாம் முறை கவனமாகக் குனிந்தேன், அவசரப்பட்டு நிமிர்ந்தேன்.

சமைத்துப்போட்ட பாட்டியிடம், "மலையாளிங்கன்னு சொல்றாங்களே, வீட்டுல மலையாளந்தான் பேசுவீங்களா?" என்று கேட்டேன். அதுவரை அரைமணி நேரமாக இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிகள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காஞ்சிபுரம் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

செல்போனைத் தூக்கிப் பிடித்து, சிக்னல் இல்லாமல் மனுஷன் எப்படி இருக்கிறது என்று சலித்துக்கொண்டேன். 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சின்ன வயதில் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் பாடுபட்டதைப் பாட்டி ஊர்க்கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. சும்மா சாப்பிட்டிருக்கலாம். நார்ச்சத்து, சர்க்கரை நோய் என்று பாட்டிக்கே சிறுதானியப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பல்லாம் ரேஷன் அரிசிதான் சாமி. காட்டுல மரவள்ளி போட்டுட்டோம். சாமை குத்தறதுக்கு யாரு இருக்கா? நீ கேட்டியேன்னு மத்தியானம் பூரா ஒரலோட நின்னேன்" என்றார்.

பாதிதான் இறங்கியது. விளக்கை அணைத்துவிட்டு, பையிலிருந்த பிஸ்கட்டைச் சத்தம் வராமல் உடைத்துத் தின்றேன். அந்த நிசப்தத்தில் பிஸ்கட் உடைவது வெடிச்சத்தம் போலக் கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள்.

விடிந்ததும் ஆபீசில் அவசரம் என்றேன். சிக்னலே இல்லாத ஊரில் அவசரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாட்டி சாமைச் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று பரோட்டா சாப்பிட்டேன்.

"நாளைக்குத்தானே வர்றதா சொன்னீங்க?" என்றாள் மனைவி.

நெற்றியைத் தடவிக்கொண்டே, பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்றேன்.