மங்கா அண்ணன்

மலாய் மொழியில் மங்கா என்றால் மாம்பழம். நம் மாங்காய்தான் கப்பலேறி வந்து அப்படி ஆகிவிட்டது. அதே மங்காவுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு: தொங்கு பூட்டு. ஜொகூரில் ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்று எந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குப் போனாலும் இந்த இரண்டாவது மங்காவின் பக்தர் ஒருவர் இருப்பார். எங்கள் தாமானில் இருப்பவர் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்.

அவர் வீட்டுக்குள் போக முதலில் சங்கிலியில் தொங்கும் மங்காவைத் திறக்க வேண்டும். பிறகு ரிமோட்டுக்குத் திறக்கும் ஆட்டோகேட். அப்புறம் கிரில், அதில் மேலே ஒரு மங்கா, கீழே ஒரு மங்கா. கடைசியில் மரக்கதவு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சுடச்சுட வாங்கிய அப்பம் பாலிக் இந்த வழியாக உள்ளே போய்ச் சேரும்போது ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி இருக்கும். பின்பக்கச் சமையலறைக் கதவு மட்டும் பின்சந்தான லோரோங்கைப் பார்த்து எந்நேரமும் திறந்தே கிடக்கும். வீட்டு அக்காவும் பின்வீட்டு ஆன்ட்டியும் ரசமும் கதையும் மாற்றிக்கொள்கிற பாதை அது. அந்தக் கதவு ஒன்று இருப்பதே அண்ணனுக்கு ஞாபகம் இருக்காது.

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. அங்கே கழுத்தில் அட்டை இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. பழக்கதோஷம், கல்யாண விருந்துக்கும் அட்டையை மாட்டிக்கொண்டுதான் வருவார். இப்படிப்பட்டவரிடம் எங்கள் சங்கத்தின் இணையத்தளத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே எல்லாவற்றுக்கும் லாகின் வந்துவிட்டது. ஆண்டுக் கூட்ட மினிட், கணக்கறிக்கை, தைப்பூச பஸ் பாரம், முறுக்குப் போட்டி விதிமுறை, எதை எடுக்க வேண்டுமானாலும் உறுப்பினர் எண், பன்னிரண்டு எழுத்து பாஸ்வேர்ட், அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி, அதற்கு மேல் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கம். "பப்ளிக்ல போட்டா எவன் வேணா எடுத்துட்டுப் போயிடுவான் லா" என்பார். முறுக்குப் போட்டி விதியை எவன் எடுத்துக்கொண்டு எங்கே போவான் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. பாஸ்வேர்டை மறந்துவிடும் பெரியவர்களுக்காக அவரே எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரு 555 நோட்டில் எழுதி வைத்தார். மளிகைக் கடைக் கடன் எழுதுகிற அதே சின்ன நோட்டுதான். அது சட்டைப்பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பூட்டு பலமாக இருந்ததில் ஒரு சங்கடம். பஸ் பாரத்தை யாரும் திறந்து பார்க்கவே இல்லை. ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. பாரத்தில் மட்டும் சங்க அலுவலகம் இன்னும் வெள்ளிக்கிழமை மூடியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பாட்டி கைப்பேசியை நீட்டினார். எழுபத்து நாலு வயசு, லாகின் என்றால் என்ன கஷாயம் என்று கேட்கிறவர். திரையில் சங்கத்தின் மினிட் முழுசாக விரிந்து கிடந்தது.

"எப்படிப் பாட்டி எடுத்தீங்க?"

"வாட்ஸ்அப்ல நீலமா வந்துச்சு தம்பி. அமுக்குனேன். வந்துடுச்சு."

அண்ணன் பூட்டியது பக்கத்தை. கோப்பு கிடந்ததோ சர்வரின் பப்ளிக் ஃபோல்டரில். அங்கே இருப்பதை யாராவது நேராக முகவரி சொல்லிக் கேட்டால், சர்வர் மென்பொருள், அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ, எடுத்து நீட்டிவிடும். லாகின் பார்க்கிற புரோகிராமை அது எழுப்புவதுகூட இல்லை. பாட்டியின் பேரன் ஸ்கூடாய் யூடிஎம்மில் படிக்கிற பையன். முகவரியின் கடைசியில் இருந்த 2023ஐ அழித்து 2022 என்று போட்டான். அதுவும் வந்தது. 2021ம் வந்தது. அதோடு இணைப்பாக உறுப்பினர் பட்டியல், ஐசி நம்பரோடு.

ஐசி நம்பர் என்றால் அடையாள அட்டை எண், பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், ஜொகூர் என்றால் 01. வருடக்கணக்காக நாற்பத்தொன்பதிலேயே நின்றுகொண்டிருந்த ஒரு மாது அன்று ராத்திரியே ஐம்பத்தெட்டானார். சிரித்தோம், ஆனால் உண்மையில் பூட்டியிருக்க வேண்டியது அந்தப் பட்டியல் ஒன்றைத்தான்.

அண்ணனை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. 2019இல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்திலேயே, முகவரியில் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் வீட்டுப் பத்திரம் வந்து விழுந்தது. கிட்டத்தட்ட 88 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்தன. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2018இல் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அரசாங்கத் தளத்தில் இப்படியே எண்ணை மாற்றி மாற்றி ஏழாயிரம் கோப்புகளை இறக்கினான். போலீஸ் அவன் வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே வழக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அண்ணன் இந்தக் கதையில் போலீஸ் வந்த இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேரனை ஒரு வாரம் முறைத்தார்.

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் ரோபோட்ஸ் கோப்பில், 'தேடுபொறிகளே, இந்த ஃபோல்டருக்குள் வராதீர்கள்' என்று எழுதி வைத்தார். அந்தக் கோப்பை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 'இந்த அலமாரியில் நகை இல்லை' என்று வாசலில் எழுதி ஒட்டுகிற மாதிரி. பிறகு கோப்புப் பெயரைப் பூனை தட்டச்சில் நடந்த மாதிரி நாற்பது எழுத்துக்கு நீட்டினார். சங்க உறுப்பினர் ஒருவர் அதையும் வாட்ஸ்அப்பில் போட்டார். பாட்டி அமுக்கினார். வந்துடுச்சு.

கடைசியில் பேரன்தான் உட்கார்ந்தான். கோப்புகளைப் பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்தினான். யார் கேட்டாலும் புரோகிராம் வழியாகத்தான் கேட்க வேண்டும். அது ஆளைப் பார்க்கும், இந்த ஆளுக்கு இந்தக் கோப்பு உண்டா என்று பார்க்கும், பிறகுதான் எடுத்து வந்து கொடுக்கும். பஸ் பாரத்தையும் முறுக்கு விதியையும் திறந்துவிடலாம் என்றான். மதுரைத் திட்டத்தைக் காட்டினான்: 1998 பொங்கலிலிருந்து தமிழ் நூல்களை லாகின் எதுவும் கேட்காமல் கொடுத்து வருகிறார்கள். அண்ணன் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "சும்மா குடுக்கறாங்கன்னா ஏதோ விஷயம் இருக்கு தம்பி" என்றார்.

ஆனால் அவருக்கு ஒரு புதிய சந்தோஷம் கிடைத்தது. புரோகிராம் கோப்பைத் தர மறுக்கும்போது திரையில் 401 என்று வந்தால் 'நீ யாரென்று தெரியவில்லை'. 403 என்று வந்தால் 'தெரிந்தாலும் தர முடியாது'. 403 அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. கடன் கேட்டு வந்த மச்சானிடம்கூட அதைச் சொன்னதாகக் கேள்வி.

போன மாதம் ஒருநாள் பேய் மழை. சாவிக்கொத்தைப் பாசிர் கூடாங் லாக்கரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ரிமோட்டும் அதே கொத்தில். கழுத்தில் அட்டையோடு தன் வீட்டுச் சங்கிலி முன்னால் நனைந்துகொண்டு நின்றார். அக்காவுக்குப் போன் அடித்தார்; மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "அண்ணே, பின்னாடி லோரோங் வழியாப் போங்க" என்று நான் குடைக்குள்ளிருந்து கத்தினேன். ஒரு கணம் யோசித்துவிட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். பின்வீட்டு ஆன்ட்டி கையில் ஒரு சட்டி ரசத்தைக் கொடுத்து அனுப்பினாராம். கேள்வி இல்லை, ஆறு இலக்கம் இல்லை, நேராகத் தன் சமையலறைக்குள் போய் நின்றார்.

மறுநாளே பின்கதவுக்கு ஒரு மங்கா வாங்கி மாட்டிவிட்டார். அதோடு இரண்டு சாவி வந்தது. ஒன்று அக்காவிடம் இருக்கிறது. இன்னொன்று பின்வீட்டு ஆன்ட்டியிடம்.