இன்னும் ரெண்டாயிரம் போட்டா…

கான்ஃபிக் அண்ணனைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று நீங்கள் மனைவியிடம் பேச்செடுத்தால் போதும், மூன்றாவது வீட்டிலிருந்து அவரே வந்துவிடுவார். வேலை வங்கியிலோ மின்வாரியத்திலோ. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். “காபியெல்லாம் வேண்டாம் சார், ரெண்டு நிமிஷம்தான்” என்று உட்காருவார். இரண்டாவது டம்ளர் காலியாகும்போது பேச்சு மதர்போர்டு வரைக்கும்தான் வந்திருக்கும்.

முதல் கேள்வியை மட்டும் மிகச் சரியாகக் கேட்பார்.

“எதுக்கு சார் வாங்கறீங்க?”

“பொண்ணு பி.காம் சேர்ந்திருக்கா. டேலி, எக்செல், கொஞ்சம் யூடியூப். முப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சா நல்லது” என்பார், கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் ஒரு வாத்தியார்.

“கேமிங்?”

“இல்ல.”

“வீடியோ எடிட்டிங்?”

“அதெல்லாம் இல்லப்பா.”

“இப்ப இல்ல. நாளைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?”

வாத்தியாருக்கு அந்த நொடியில் வியர்க்கத் தொடங்கும்.

ஆரம்பம் என்னவோ சிக்கனம்தான். “ஏ.எம்.டி. அத்லான் 3000ஜி போதும் சார். 2 கோர், 4 திரெட். டேலிக்கு தாராளம்.” வாத்தியார் நிம்மதியாக மூச்சு விடுவார். அதைப் பாதியில் பிடித்து நிறுத்துவதுதான் அண்ணனின் திறமை. “ஆனா பாருங்க, இன்னும் ரெண்டாயிரம் போட்டா ரைசன் 3 3200ஜி. 4 கோர்! அதுக்கு மேல ரெண்டாயிரம் போட்டா ஐ3 12100. அதுவும் 4 கோர்தான், ஆனா 8 திரெட். இவ்வளவு தூரம் வந்துட்டு ரைசன் 5 5600ஜி-ய விடலாமா? 6 கோர், 12 திரெட் சார்!” அதற்கேற்ற போர்டு, போர்டுக்கேற்ற ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதைத் தாங்க ஒரு பெரிய எஸ்.எம்.பி.எஸ். என்று போய், டேலி கற்க வந்த பெண்ணுக்கு விண்கலம் ஏவும் வசதி அமைந்துவிடும்.

அவர் உளறுகிறவர் இல்லை என்பதுதான் இதில் சிக்கலே. சொல்வதெல்லாம் உண்மை. பிராசசர் பெயரின் கடைசி எழுத்தை அவர் ஜோசியர் நட்சத்திரம் பார்ப்பதுபோல் பார்ப்பார். “12100-க்கும் 12100எஃப்-க்கும் விலை வித்தியாசம் எதுக்குன்னு நினைக்கறீங்க? எஃப் போட்டா உள்ள கிராபிக்ஸ் கிடையாது. தனியா கார்டு போடலேன்னா திரை இருட்டுதான்.” ஏ.எம்.டி.யில் ஜி என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5500-இல் எந்த எழுத்தும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை. மலிவென்று அதை வாங்கிப் போய், மானிட்டர் கெட்டுவிட்டதாக நினைத்தவர்களின் கதைகளை அவர் விலாவாரியாகச் சொல்வார்.

‘ஐ7’ என்ற ஸ்டிக்கரைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். “2011-ல வந்த ஐ7 2600-ஐத் துடைச்சு, ஐ7-னு சொல்லி விப்பான். அதுவும் 4 கோர், 8 திரெட், 12100-ம் 4 கோர், 8 திரெட். ஆனா 12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுடும். பழசுல விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஏத்துக்காது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. அப்புறம் அந்த ஐ7-ஐ வெச்சு என்ன பண்ணுவீங்க?” வாத்தியார் மனத்தில் வைத்திருந்ததே அந்த ஐ7-தான். அதை இனி அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

பழங்கதை பேச ஆரம்பித்தால் அண்ணனின் குரல் தழுதழுக்கும். 1998-இல் வந்த செலரான் 300ஏ. 300 மெகாஹெர்ட்ஸ் சில்லை 450-க்கு ஓட்டிய வீரம். 2017-இன் பென்டியம் ஜி4560. பென்டியம் விலையில் 4 திரெட். 2023-இல் புது லேப்டாப்களுக்கு செலரான், பென்டியம் என்ற பெயர்களே வேண்டாம் என்று இன்டெல் கைவிட்டபோது, அவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

எல்லாம் முடிவாகி வாத்தியார் பணத்தை எண்ணும்போது, அண்ணன் கையைப் பிடிப்பார். “ஒரு மாசம் பொறுங்க சார். புது ஜெனரேஷன் வருது, பழசு விலை இறங்கும்.” உள்ளேயிருந்து பெண் எட்டிப் பார்ப்பாள். “அங்கிள், செமஸ்டருக்குள்ள வந்துடுமா?”

அவளுக்காகத்தான் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெரு பயணம் நடக்கும். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பியதுமே அண்ணன் நடை மாறிவிடும். கடைக்காரர் விலை சொல்லுமுன், “ட்ரே பீஸா, பாக்ஸ் பீஸா?” என்பார். பெட்டியோடு வந்தால் கம்பெனியின் 3 வருட வாரண்டி உண்டு என்று தெருவுக்கே கேட்கும்படி விளக்குவார். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடைக்கு நடப்பார். பை தூக்கிக்கொண்டு வாத்தியார் பின்னால் ஓடுவார்.

இத்தனை தெரிந்தவர் வீட்டில் என்ன கம்ப்யூட்டர்? அதன் கேபினட்டுக்குப் பக்கவாட்டுத் தகடு மாட்டி யாரும் பார்த்ததில்லை. அதில் அவர் பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று: பிராசசர் விலை பார்ப்பது.

ஆனாலும் அவரைக் குறை சொல்ல மனம் வராது. ராத்திரி பத்து மணிக்குத் திரை கறுத்துப்போனால் ஸ்க்ரூ டிரைவரோடு வருபவர் அவர்தான். ரேமைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, ஒரு பைசா வாங்காமல் போவார். வீட்டு வேலைக்கு 4 கோர், உள்ளேயே கிராபிக்ஸ், ஒரு எஸ்.எஸ்.டி., இரண்டு துண்டாகப் போட்ட ரேம், இவ்வளவு போதும் என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கே நிறுத்தத்தான் தெரியாது.

அதனால் அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உங்கள் பட்ஜெட் முப்பதாயிரம் என்றால் அவரிடம் இருபது என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து ‘இன்னும் ரெண்டாயிரம்’ முடியும்போது சரியாக முப்பதில் வந்து நிற்பார். ஆறாவது ரெண்டாயிரம் அவர் வாயில் வருவதற்குள் பில் போட்டுவிடுங்கள்.