உலகளந்த ஊரில் ஒரு டேப்

காஞ்சிபுரத்தில் தெருவில் பட்டுநூல் பாவு நீட்டி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இன்ச் டேப்பை நீட்டிப் பாருங்கள், தெருவே கூடிவிடும். "ரோட்டை அகலப்படுத்தறாங்களா?" என்பார் ஒருவர். "பாகப்பிரிவினையா?" என்பார் இன்னொருவர், கொஞ்சம் ஆவலோடு. பொதுச்சுவர்க்காரர் மட்டும் எதுவும் கேட்காமல் டேப்பின் மறுமுனையை வந்து பிடித்துக்கொள்வார். உதவி என்று நினைத்துவிடாதீர்கள், பாதுகாப்பு ஏற்பாடு.

பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா வீட்டுக்கு மாடி எடுக்கவேண்டும். இருக்கிற வீட்டின் பிளானை ஆட்டோகேடில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் என்ஜினியர். லேசர் மீட்டரோடு போனேன். பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் போய் உட்காரும். பிழை இருந்தால் 2 மில்லிமீட்டர். இதெல்லாம் நிழலில். முற்றத்து வெயிலில் புள்ளியைத் தேடவே தனி ஆள் வேண்டும்.

தறிக்கூடத்தின் அகலம் 11 அடி கால் அங்குலம். பெரியம்மாவின் முகம் மாறியது. மனையடி சாஸ்திரப்படி 11 பாலும் சோறும்; 12 ஆகவே ஆகாது. "கட்டினப்ப சரியா பதினொண்ணுப்பா. அந்தக் கால் இஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு?" சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்றேன். வீடு 12-ஐ நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்றைக்கே கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

நீளம் 16 அடி. எதிரெதிர்ச் சுவர்கள் கச்சிதமாக ஒத்துப்போயின. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து ஒரு செவ்வகத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். குறுக்கே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் 19 அடி 5 அங்குலம் வரவேண்டும். எனக்கு ஒன்று 19 அடி 9, மற்றது 19 அடி 1. அதாவது மூலை 90 டிகிரி இல்லை, 88. இரண்டே அடியில் மண்ணையும் விண்ணையும் அளந்து முடித்த உலகளந்த பெருமாள் இதே ஊரில்தான் ஓங்கி நிற்கிறார். அவர் மூலைவிட்டம் எடுத்ததாகத் தெரியவில்லை.

தயங்கித் தயங்கிப் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். குழித்தறியில் கோர்வை போட்டுக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"செவுரு கோணல்னு தறி போட்ட அன்னிக்கே தெரியும். செவுரப் பாத்தா தறி போடுவாங்க? நூலப் புடிச்சுப் போடணும்."

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தறிக்கால்களுக்குக் குறுக்கே அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு நூல் கூடக் குறைய இல்லை. சுவரை ஒட்டிய சந்துதான் ஒரு கோடியில் ஒரு சாண், மறுகோடியில் ஒன்றரைச் சாண்.

எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வரைந்து அனுப்பினேன். சாயங்காலமே என்ஜினியர் போன் செய்தார்.

"பிளான் பிரமாதம் சார். அந்தத் தறி மட்டும் கோணலா இருக்கு, கொஞ்சம் நேராப் போட்டு அனுப்பிடுங்க."