காபித் தோட்டத்தில் பூஞ்சாண நிபுணர் ஆவது எப்படி?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார். காபி இருந்தால் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தால் அதைப் பிடித்துக் கொல்லும் பூஞ்சாணமும் இருக்கும். பூஞ்சாணம் இருக்கிற இடத்தில் ஒரு நிபுணர் வேண்டாமா? அந்த மலையின் கரடியூர்ப் பக்கம் அந்த வேலை காலியாகத்தான் கிடக்கிறது. இலையெல்லாம் ஈரமாக இருக்கும் ஐப்பசியில் சேர்வது உத்தமம். படிப்பு, அனுபவம் எதுவும் வேண்டாம். கீழே உள்ள விதிகள் போதும்.

விதி 1: வெள்ளை என்றால் பிவேரியா, பச்சை என்றால் மெட்டாரைசியம்.

பூச்சியைக் கொல்லும் இந்த இரண்டு பூஞ்சாணங்களுக்கு மேல் யோசிக்கக் கூடாது. இலைக்கு அடியில் வெள்ளையாக அப்பியிருப்பது உயிருள்ள மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம். குச்சியால் தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், ஆகவே தொடாதீர்கள். மெட்டாரைசியமும் முதலில் வெள்ளையாகத்தான் கிளம்பும், வித்து முற்றினால்தான் பச்சை பிடிக்கும், ஆகவே காத்திருக்காதீர்கள். மைக்ராஸ்கோப் பக்கமே போகாதீர்கள். பிவேரியாவின் உருண்டை வித்துகள் கோணல்மாணலாக வளைந்த காம்பில் உட்கார்ந்திருப்பதும், மெட்டாரைசியத்தின் நீள வித்துகள் சங்கிலியாகக் கோத்திருப்பதும் தெரிந்து, வீண் சந்தேகம் வரும்.

விதி 2: செத்த பூச்சியின் மேல் பூத்தது எதுவோ, அதுவே கொலையாளி.

பழைய சோற்றில் பூக்கும் பூசணம் செத்த பூச்சியிலும் பூக்கும். கொன்றது எது, பிறகு குடியேறியது எது என்று பிரிக்க, பூச்சியின் மேல்தோலைக் கிருமிநீக்கம் செய்து, ஈரப்பஞ்சு வைத்த தட்டில் மூடி வைப்பார்கள். உடம்புக்குள்ளிருந்து மூட்டு இடுக்கு வழியாக முளைத்து வந்தால் அதன் மேல் சந்தேகம் வலுக்கும். அதை நல்ல பூச்சிக்குத் தொற்றவைத்து, அதுவும் அப்படியே செத்தால்தான் தீர்ப்பு. பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக் கட்டியாக விறைக்கவைக்கும் நோய்க்குக் காரணம் பூஞ்சாணமே என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835-இல் வெளியிட்டார். அதற்கு அவர் ஏறக்குறைய 25 வருடம் செலவழித்தார். பிவேரியா பேசியானாவில் இருப்பது அவர் பெயர்தான். பாவம், அவரிடம் வாட்ஸ்அப் குழு இல்லை.

விதி 3: செத்த கோலத்தைக் கவனிக்காதீர்கள்.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஈ, இறக்கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, வாய்க்குழல் கண்ணாடியோடு ஒட்டிச் செத்திருக்கும். உப்பிய வயிற்றில் வெள்ளை வரிகள். சுற்றிலும் மாவு தூவினாற்போல ஒரு வளையம். என்டமாப்தோரா என்ற பூஞ்சாணம் வித்துகளைச் சுட்டெறிந்த தடம் அது. இதை அப்படியே எழுதிவைத்தாலே பாதி அடையாளம் கண்டாயிற்று. நீங்கள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இந்தியாவில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் தலைகாட்டிய காபிக் காய்த்துளைப்பான் இன்னும் மோசம். வண்டே ஒன்றரை மில்லிமீட்டர்தான். காயின் தொப்புளில் அது போட்ட ஓட்டையின் வாயில் வெண்பஞ்சு அடைத்திருந்தால், துளைக்கிறபோதே பிவேரியா அதைப் பிடித்துவிட்டது என்று பொருள். கைலென்ஸ் இருந்தால் பளிச்சென்று தெரியும். எனவே வாங்காதீர்கள்.

விதி 4: பெயரை மட்டும் அடித்துச் சொல்லுங்கள்.

எந்தப் பூச்சி, எந்தச் செடி, இலையின் மேலா அடியா, என்ன தேதி என்று குறித்துவைப்பது குமாஸ்தா வேலை. நிபுணருக்குப் பெயர் போதும். ஆனால் பெயரும் நிலையாக நிற்காது. காபியின் பச்சைச் செதில் பூச்சியைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும் பூஞ்சாணத்துக்கு, ஜாவாவில் ஆய்ந்த சிம்மர்மன் 1898-இல் செபலோஸ்போரியம் என்று பெயர் வைத்தார். 1939-இல் அது வெர்டிசீலியம் ஆனது, 2001-இல் லெக்கானிசிலியம், 2017-இல் அகாந்தோமைசிஸ். நூறாண்டு பெயர் மாறினாலும் குறிப்பு மாறாது: காபி இலை, பச்சைச் செதில், வெள்ளை விளிம்பு. ஆகவே குறிப்பு எழுதாதீர்கள்.

விதி 5: கண்டுபிடித்த கையோடு மருந்து அடித்துவிடுங்கள்.

காபியின் இலைத்துரு நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம், நல்ல பூஞ்சாணம் எது, கெட்டது எது என்று விசாரிக்காது. இலைத்துரு அடங்கும், செதில் பூச்சியைச் சும்மா கொன்றுகொண்டிருந்த கூட்டாளியும் அடங்கும், செதில் பெருகும். பிறகு உரக்கடைக்குப் போய் அதே பூஞ்சாணத்தைக் காசு கொடுத்து வாங்கி வாருங்கள். பாக்கெட்டில் பெரும்பாலும் வெர்டிசீலியம் என்றே அச்சடித்திருக்கும். கவலை வேண்டாம், செதில் பூச்சி லேபிள் படித்துச் சாவதில்லை.