மூலமும் இடைச்செருகலும்: பழைய கார் குறித்து ஓர் ஐதராபாத் ஆராய்ச்சி

ஓலைச்சுவடிக்குப் பாடபேதம் உண்டு, காருக்கும் உண்டு. சுவடியில் புகுந்த அந்நியப் பாட்டை இடைச்செருகல் என்று ஒதுக்கத் தெரிந்த பதிப்பாசிரியர்கள் தமிழில் ஏராளம். 1962ஆம் ஆண்டு அம்பாசிடரில் புகுந்த இசுசு எஞ்சினை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவர்களில் ஒருவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அக்குறையை நீக்கப் புகுந்தது இக்கட்டுரை. களம் ஐதராபாத். பழைய கார் உறுப்புகளுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்க ஐதராபாத் எதற்கு எனின், இவ்வழக்கின் இரண்டு எல்லைக்கற்களும் அங்கேதான், ஒரே ஆட்டோ சவாரியில் பார்த்துவிடும் தொலைவில் நிற்கின்றன.

முதல் கல் சௌமகல்லா அரண்மனையில் இருக்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆர்டர் கொடுத்தவர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான். 1911 ஆகஸ்டில் அவர் காலமாகிவிட, வண்டி வந்து சேர்ந்தது மகன் உஸ்மான் அலி கானிடம். பின்னிருக்கையைச் சிம்மாசனம் போல உயர்த்திக் கட்டியவர்கள் லண்டன் பார்க்கர் நிறுவனத்தார். விழா நாள்களில் மட்டுமே வெளியே வந்த இந்த வண்டி மொத்தம் ஓடியது நானூறு மைலுக்குள் என்கிறார்கள். அதாவது, சென்னைக்கு ஒருவழிப் பயணமாக ஒரு தடவை வந்திருந்தால் அதன் ஆயுள் ஓட்டம் ஏறக்குறைய தீர்ந்திருக்கும்.

இரண்டாவது கல் பகதூர்புராவில், நேரு விலங்கியல் பூங்காவை அடுத்த சுதா கார் அருங்காட்சியகம். 2010இல் திறந்தது. நிறுவியவர் சுதாகர், பள்ளிப் பருவத்திலிருந்தே பழைய இரும்பில் வண்டி செய்பவர். கத்தரிக்காய், ஷூ, கைப்பை, கிரிக்கெட் மட்டை, கேமரா என்று அங்கே எல்லாமே கார், எல்லாமே ஓடும். 2005 ஜூலை 1 அன்று 41 அடி 7 அங்குல உயரத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிளை இதே ஊர்ச் சாலையில் ஓட்டிக் கின்னஸில் இடம்பிடித்தவரும் அவரே. எந்தக் காரின் எந்த உறுப்பு எந்தக் கத்தரிக்காய்க்குள் அடங்கியது என்று அங்கே எந்த மூலபாட ஆய்வாளரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் மனம் உடைந்துவிடும்.

இவ்விரண்டு கற்களுக்கும் இடையில்தான் மற்ற எல்லாரும் வசிக்கிறார்கள்: தாத்தாவின் ஃபியட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர், மாமனார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கதவுக் கைப்பிடிக்காக ராணிகஞ்ச் கடைகளில் ஏறி இறங்குபவர், ஜுமேராத் பஜாரில் வியாழக்கிழமைகளில் தரையில் பரப்பிய இரும்புக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவர். இவர்கள் இரு கட்சியினர். ஒரு திருகாணியும் மாறக்கூடாது என்பது மூலக்கட்சி. வண்டி என்றால் ஓட வேண்டும், அதற்கு எதையும் மாற்றலாம் என்பது மாற்றுக்கட்சி. உரையாசிரியர் மரபுப்படி இவர்களைக் கடாவிடையால் ஆராய்வது முறை.

மூலக்கட்சியார் கடா: கம்பெனியில் எப்படிப் பிறந்ததோ அப்படியே இருப்பதன்றோ கார்? விடை: அன்று. அந்தக் கால ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி விற்றது எஞ்சின் பூட்டிய சேசிஸ் மட்டும். மேலே பாடி கட்டுவது பார்க்கர் போன்ற தனிப் பட்டறைகளின் வேலை. எந்த நிறம், எத்தனை இருக்கை, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வாங்குபவர் விருப்பம். காருக்குள் சிம்மாசனம் வைப்பது யார் கண்ணுக்கும் மராமத்து வேலையாகத் தெரியாது. ஆக, ஐதராபாத்தில் மூலத்தின் சிகரமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் வண்டி, உண்மையில் ஆர்டரின் பேரில் செய்த மாற்றங்களின் சிகரம். நூறு வயதைத் தாண்டிவிட்டதால் அந்த மாற்றங்கள் மூலமாகிவிட்டன. இன்றைக்கு ஒருவர் தம் அம்பாசிடரின் பின்னிருக்கையை அரையடி உயர்த்தித் தங்க முலாம் பூசினால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பது ஆராய்ச்சிக்கு வெளியே உள்ளது.

(சமஸ்தான ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் குப்பை அள்ளிய கதை ஒன்று கூடவே வரும். விற்பனையாளர் அவமதித்தாராம், மன்னர் கார்களை வாங்கிக் குப்பை வண்டியாக்கினாராம். அல்வார் பிரதியில் நாயகர் ஜெய்சிங். ஐதராபாத் பிரதியில் நிஜாம். எந்தப் பிரதிக்கும் உறுதியான சான்று கிடையாது. காருக்கு முன் காரைப் பற்றிய கதையே மாற்றப்படுகிறது என்ற அளவில் இது குறிக்கத்தக்கது.)

மீண்டும் கடா: அரசர் வண்டி விதிவிலக்கு, சாமானியன் ஓட்டிய அம்பாசிடருக்காவது மூலம் உண்டன்றோ? இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. அம்பாசிடரே மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் மறுபதிப்பு. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் அது வெளிவந்தபோது இருந்தது பழைய சைடு வால்வு எஞ்சின். 1959இல் அதைத் தூக்கிவிட்டு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சினைக் கம்பெனியே வைத்தது. பிறகு மார்க் 2, 3, 4, டீசல், நோவா. 1992 வாக்கில் இசுசுவின் 1800 எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலிருந்து தரைக்கு இறங்கிய கியர். 2014இல் உற்பத்தி நிற்கும்வரை ஆசிரியர் தம் நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த இசுசு எஞ்சினை 1962 வண்டியில் பூட்டும் புத்லிபௌலிப் பட்டறை உஸ்தாத் செய்வது இடைச்செருகலா, ஆசிரியரின் பிற்காலப் பாடத்தை முற்காலப் பிரதியில் ஏற்றுவதா? இக்கட்டுரை இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. உஸ்தாதும் அப்படியே. அவருக்குக் கூலியும் உண்டு.

மூலக்கட்சியை முழுசாக வீழ்த்துவது பெட்ரோல். பழைய எஞ்சின் பிறந்தது ஈயம் கலந்த பெட்ரோலுக்கு. வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயமே. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயம் இல்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது அந்தக் கால ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊற வைத்து அரிக்கும். எனவே எதையும் மாற்ற மாட்டேன் என்று சபதமிட்டவரும் குழாயை மாற்றியே தீர வேண்டும், மாற்றாவிட்டால் வண்டியே சாம்பலாக மாறலாம். மே மாதத்தில் மெகதிபட்டினம் மேம்பாலத்தடியில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட, பானட்டைத் தூக்கி ஃப்யூவல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் மூலக்கட்சிக்காரரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அந்தத் துணி கம்பெனி கொடுத்ததன்று.

மாற்றுக்கட்சிக்கும் அடி உண்டு. அதைக் கொடுப்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளரின் முதல் குறிப்புகளிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த விதிகள் இன்னும் கண்டிப்பானவை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் பெறாத வண்டிக்கே ‘வின்டேஜ்’ பட்டம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்துகள் ஏறும். பெற்றபின் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். பழைய கார்க்காரர்களின் அன்றாடமே இந்தக் கடைசி இரண்டும்தான் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இங்கிலாந்தில் இதே வழக்கு கோர்ட்டுக்கே போயிற்று. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி 1929, 1930 இரண்டு ஆண்டும் லே மான்ஸ் பந்தயத்தில் வென்றது. பிறகு சேசிஸ் மாறியது, எஞ்சின் மாறியது, பாடி மாறியது, 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்தில் சிக்கி மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசிய கம்பெனி, இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கியது. முதல் பந்தயத்தில் ஓடிய உறுப்புகள் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதி ஆட்டன், நடுவில் எங்கும் அறுபடாத வரலாறு இருப்பதால் அது அந்தக் காரேதான் என்று 1990இல் தீர்ப்பளித்தார். அதே வண்டி ஐதராபாத் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விஏ நம்பருக்கு வரிசையில் நின்றால் விதிப்படி திருப்பி அனுப்பப்படும்.

எனில் நடைமுறை என்ன? பழைய வண்டிகளின் உலகச் சம்மேளனமான ஃபிவாவின் டுரின் சாசனம் சொல்வது, மாற்றம் குறைவாக இருக்கட்டும், திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய உறுப்பு வண்டியோடு இருக்கட்டும் என்பது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் வைக்கலாம். டைனமோ சாக்கில் கட்டிப் பரணுக்குப் போக வேண்டும். பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம், பாயிண்ட் பரணுக்கு. சேசிஸை வெட்டுவது கூடாது, வெட்டியதைப் பரணில் ஏற்றி மறுபடி ஒட்ட முடியாது. இவ்விதியை ஒழுங்காகப் பின்பற்றும் வீடுகளில் பரணுக்கும் காருக்கும் எது மூலம் என்ற புதிய வழக்கு கிளம்பியிருக்கிறது.

தீராத ஐயம் இன்னும் ஒன்று. டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எக்கட்சி? கம்பெனி ஒட்டியதில்லை, ஆகவே மூலமில்லை. ஆனால் வண்டி வாங்கிய அன்றே பூஜை போட்டு முதல் உரிமையாளர் ஒட்டியவர். இப்போது பூட்டியிருக்கும் எஞ்சினைவிட, ஸ்டியரிங்கைவிட, நாலு டயரையும்விட மூத்தவர். ஐம்பதாண்டு விதியையும் மராமத்து இல்லாமல் கடந்தவர். வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியது படிவம் 20இல். அதில் எஞ்சின் எண்ணுக்கும் சேசிஸ் எண்ணுக்கும் இடம் இருக்கிறது; அவருக்கு இல்லை.